நிலாவின் தோற்றம் பற்றிய கோட்பாடுகள்

புவியின் ஒரே இயற்கைத் துணைக்கோளான நிலா எவ்வாறு உருவானது என்பதை விளக்கப் பல கோட்பாடுகள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவை ஒவ்வொன்றும் இரண்டு உண்மைகளுக்கு விடை தர வேண்டும்.

முதலாவது, இரும்புக் குறைவு. புவியின் சராசரி அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 5.51 கிராம், நிலாவின் அடர்த்தி 3.34 கிராம் மட்டுமே. நிலாவின் இரும்பு உள்ளகம் மிகச் சிறியது. இரண்டாவது, வேதி ஒற்றுமை. 1969 முதல் 1972 வரை அப்பல்லோ பயணங்கள் சுமார் 382 கிலோகிராம் நிலவுப் பாறைகளையும் மண்ணையும் கொண்டுவந்தன. அவற்றிலுள்ள ஆக்சிசன் ஓரிடத்தான்களின் (ஐசோடோப்புகளின்) விகிதம் புவிப் பாறைகளில் உள்ளதைப் போன்றே இருந்தது.

பழைய கோட்பாடுகள்

பிளவுக் கோட்பாடு: வேகமாகச் சுழன்ற இளம் புவியிலிருந்து ஒரு பகுதி பிய்ந்து நிலாவானது என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜார்ஜ் டார்வின் கருதினார். இவர் சார்லஸ் டார்வினின் மகன். நிலா பிரிந்த பள்ளமே பசிபிக் பெருங்கடல் என 1882இல் ஆசுமண்ட் பிசர் கூறினார். ஆனால் அக்கடலின் தரை 20 கோடி ஆண்டுகளுக்கும் குறைந்த வயதுடையது. மேலும், புவி அவ்வாறு பிளக்கத் தேவையான சுழற்சி, இன்றைய புவி–நிலா அமைப்பின் கோண உந்தத்துடன் பொருந்தவில்லை.

கவர்வுக் கோட்பாடு: வேறிடத்தில் உருவான நிலாவைப் புவியின் ஈர்ப்பு பிடித்துக்கொண்டது என்கிறது. இதனால் வேதி ஒற்றுமையை விளக்க முடியவில்லை.

இணைவளர்ச்சிக் கோட்பாடு: இரண்டும் அருகருகே ஒரே பொருளிலிருந்து வளர்ந்தன என்கிறது. அப்படியானால் நிலாவில் இரும்பு ஏன் குறைவு என்பதற்கு விடை இல்லை.

பெருமோதல் கருதுகோள்

1975இல் ஹார்ட்மன், டேவிஸ் ஆகியோரும் 1976இல் கேமரன், வார்டு ஆகியோரும் புதிய விளக்கம் அளித்தனர். சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழச் செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் புவியில் மோதியது. இக்கோள் பின்னர் 'தீயா' எனப் பெயரிடப்பட்டது. அதன் இரும்பு உள்ளகம் புவியின் உள்ளகத்துடன் கலந்தது. வெளியே சிதறிய பாறைப்பொருள் திரண்டு நிலாவானது. இதனால் இரும்புக் குறைவு எளிதில் விளங்குகிறது. 1984இல் ஹவாயில் நடந்த அறிவியல் மாநாட்டுக்குப் பின் இக்கருத்து முதன்மை பெற்றது.

தீராத சிக்கல்

தொடக்ககாலக் கணினி மாதிரிகளின்படி, நிலாவின் பெரும்பகுதி தீயாவின் பொருளால் ஆகியிருக்க வேண்டும். அப்படியெனில் நிலவுப் பாறைகள் புவிப் பாறைகளை இவ்வளவு ஒத்திருப்பது ஏன்? தீயாவும் புவிக்கு அருகிலேயே உருவாகியிருக்கலாம் என்பது ஒரு விடை. 2012இல் வெளியான இரு மாதிரிகளுள் ஒன்று மிக வேகமாகச் சுழன்ற புவியையும், மற்றொன்று ஏறத்தாழச் சம அளவுள்ள இரு கோள்களின் மோதலையும் முன்வைத்தது. இவ்விரண்டிலும் பொருள்கள் நன்கு கலக்கின்றன. ஆனால் கோண உந்தம் மிகுதியாகிறது, அது பின்னர் எவ்வாறு குறைந்தது என்பதையும் விளக்க வேண்டியுள்ளது. எனவே, மோதல் நிகழ்ந்தது என்பதில் பெரும்பாலான அறிவியலாளர்கள் உடன்பட்டாலும், அது எத்தகைய மோதல் என்பது இன்னும் ஆய்வில் உள்ளது.