கழுவெளிக்குத் தண்ணீர் வரும் வழி

மரக்காணத்து உப்பளங்களில் தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரிக் கணக்கில்தான் பேசுவார்கள். கடல்நீர் 3, 3.5 டிகிரி இருக்கும். பாத்தியில் நின்று, காய்ந்து, இறுகி 25 டிகிரியைத் தொட்டால் உப்பு விளையத் தொடங்கும். 30-ஐ நெருங்கவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசப்பு தட்டும். ஒரு கண்ணாடி மானியை மிதக்கவிட்டால் விடை தெரிந்துவிடும். இவ்வளவு துல்லியமாக உப்பை அளக்கும் ஊருக்குப் பக்கத்தில், நன்னீரை அளக்கத்தான் ஆள் குறைவு.

பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படும் கழுவெளி, மரக்காணத்துக்குத் தென்மேற்கே கிடக்கிறது. வானூர், திண்டிவனம் பக்கத்து ஏரிகள் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததற்குப் போய், கடைசியில் ஓடைகளாக இங்கே வந்து சேர்கின்றன. மிஞ்சியது உப்புக்கழி வழியாக இடையன்திட்டு முகத்துவாரம் போய்க் கடலில் விழும். கோடையில் கதை தலைகீழ். மேலிருந்து வரத்து நின்றதும் அதே கழியில் உப்புநீர் ஏறி உள்ளே வரும். இந்த இழுபறியால்தான் ஏரியின் ஒரு முனையில் கோரையும் மறுமுனையில் உப்பைத் தாங்கும் செடிகளும் வளர்கின்றன. இரண்டு வகை உணவும் இருப்பதால்தான் இங்கே பல வகைப் பறவைகள் வருகின்றன.

ஓடை நலமாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டிலில் பிடித்த தண்ணீர், பிடித்த நேரத்து நிலையை மட்டும் சொல்லும். குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்ஸிஜனாவது கரைந்திருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நேற்று இரவு அது எவ்வளவு இருந்தது என்று பாட்டிலுக்குத் தெரியாது, அங்கேயே வாழும் பூச்சிக்குத் தெரியும். அதனால் ஆய்வாளர்கள் வலையால் அடிச்சேற்றையும் செடிவேரையும் அலசி, வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்கிறார்கள். மேஃபிளை இளம்புழுக்கள் துடித்தால் நல்ல சேதி. ரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்கள் மட்டுமே மிஞ்சினால் ஆக்ஸிஜன் வற்றிய தண்ணீர் என்று பொருள். காற்றில்லாத சேற்றிலும் தாக்குப்பிடிக்க அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருக்கிறது.

இப்படிப் பூச்சிகளை வைத்துத் தண்ணீருக்கு மதிப்பெண் போடும் முறைகளில் பல, ஆண்டு முழுக்க ஓடும் ஐரோப்பிய ஆறுகளை வைத்து உருவானவை. நம் ஓடை தை, மாசியில் நின்றுவிடும். நின்றதும் அதை ஓடை என்று மதிப்பதையே விட்டுவிடுகிறோம். குப்பை, கட்டடக் கழிவு, பிறகு வேலி. ஆனால் வருஷத்தில் ஒரு நாளாவது ஓட்டம் நிற்கும் ஆறுகளே உலகில் அதிகம், நீளக் கணக்கில் 51 முதல் 60 சதவீதம் என்று 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. காய்ந்த ஓடையும் ஓடைதான்.

வரத்து குறைந்தால் உப்பு மேலேறும். ஒரேயடியாக வந்தாலும் கேடுதான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலில் திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியபோது மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. ஏரியும் கால்வாயும் ஒழுங்காக இருந்தால் அத்தனை மழையையும் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். வேகத்தையாவது தணிக்கும்.

கழுவெளியில் 5,151 ஹெக்டேர் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது; 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நல்ல காரியம். ஆனால் எல்லைக்கல் ஏரியோடு நிற்கிறது. அதற்கு உயிர் கொடுக்கும் வரத்துக்கால்வாய்கள் பல ஊராட்சிகளில், பல துறைகளின் பொறுப்பில் கிடக்கின்றன. வருவாய்த் துறை வரைபடத்தை வைத்து அவற்றை அளந்து மீட்க வேண்டும். முதல் வெள்ளம் வந்த தேதி, நின்ற தேதி, அதன் உப்பளவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கலங்கலிலும் குறித்துவைக்க வேண்டும். அடுத்த ஐப்பசிக்குள் இதைத் தொடங்கிவிடலாம்.