மருத்துவர் சொன்னது என்ன? தாளில் எழுதியது என்ன?

காரைக்கால் பகுதியின் வட எல்லையில், டெல்டாவின் கடலோர நிலத்தில் அமைந்த சிற்றூர் பூவம். இங்கிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாட்டின் தரங்கம்பாடி. தெற்கே சென்றால் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்கால் நகரம். நோயோ எல்லைக்கோட்டைப் பார்த்து வருவதில்லை. இத்தகைய ஊரில் வாழும் ஒரு குடும்பம் காய்ச்சலுக்கு ஓரிடமும், மகப்பேற்றுக்கு வேறோரிடமும், நோய் முற்றினால் புதுச்சேரி ஜிப்மருக்கோ தஞ்சைக்கோ செல்ல வேண்டியிருக்கும். மருத்துவர் மாறுகிறார், மருத்துவமனை மாறுகிறது, மாநிலமும் மாறுகிறது. மாறாமல் நோயாளியோடு பயணம் செய்வது ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்த தாள்கள் மட்டுமே.

மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு, வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய இவையே அடுத்த மருத்துவரிடம் நோயாளிக்காகப் பேசும் சாட்சிகள். சாட்சி தடுமாறினால் தீர்ப்புத் தவறும். அத்தாள்கள் எவ்வாறு உருவாகின்றன, புரியாத சொல் குறுக்கிடும்போது எழுதுபவர் என்ன செய்ய வேண்டும், அவற்றைப் பெறும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இங்கே சிந்திப்போம்.

கேட்டு எழுதும் தொழில்

மேலைநாடுகளில் மருத்துவர் பலர் தம் குறிப்புகளைக் கையால் எழுதுவதில்லை. நோயாளியைப் பார்த்தபின், கண்டறிந்தவற்றை ஒலிப்பதிவுக் கருவியில் பேசிவிடுகின்றனர். அப்பேச்சைக் கேட்டு, நோயின் வரலாறு, பரிசோதனை, முடிவு, மருந்து என உரிய தலைப்புகளின்கீழ் ஒழுங்குபடுத்தி எழுத்தாக்குவதே 'மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்' எனப்படும் தொழில். 1990களின் இறுதியில் இத்தொழில் சென்னை, பெங்களூரு, கோவை முதலிய நகரங்களில் வேகமாகப் பரவியது. அமெரிக்காவில் இரவாகும்போது இங்கே பகல். ஆகவே அங்குள்ள மருத்துவர் மாலையில் பேசியது மறுநாள் காலையில் எழுத்தாகி அவர் மேசைக்குத் திரும்பிவிடும். பட்டம் பெற்ற இளைஞர், இளம்பெண்கள் பலர்க்கு அது வாழ்வளித்தது.

இன்று கணினியே பேச்சை எழுத்தாக மாற்றுகிறது. மனிதர் அதனைக் கேட்டுத் திருத்துகிறார். வேலையின் வடிவம் மாறியிருக்கிறதேயன்றிப் பொறுப்புக் குறையவில்லை. மனிதன் தடுமாறினால் அவன் எழுத்திலேயே தடுமாற்றம் தெரியும். கணினியோ பிழையையும் பிசிறில்லாத வாக்கியமாகவே தந்துவிடும். அதனால் திருத்துபவரின் காதும் மனச்சான்றும் முன்னைவிடக் கூர்மையாக இருக்க வேண்டியுள்ளது.

இத்தொழிலின் கடினம் எங்கே உள்ளது? ஒரே போல ஒலிக்கும் சொற்களில் உள்ளது. 'ஹைப்போடென்ஷன்' என்றால் குறைந்த இரத்த அழுத்தம். 'ஹைப்பர்டென்ஷன்' என்றால் மிகுந்த இரத்த அழுத்தம். 'டிஸ்ஃபேஜியா' விழுங்குவதில் இடர்ப்பாடு. 'டிஸ்ஃபேசியா' பேசுவதில் இடர்ப்பாடு. 'இலியம்' என்ற ஒலிக்கு உரியவை இரண்டு: ஒன்று சிறுகுடலின் கடைப்பகுதி, மற்றொன்று இடுப்பெலும்பின் அகன்ற பகுதி. ஆங்கிலத்தில் ஓரெழுத்தே வேறுபடும்; காதுக்கு வேறுபாடே இல்லை. பதினைந்தைக் குறிக்கும் 'ஃபிஃப்டீன்', ஐம்பதைக் குறிக்கும் 'ஃபிஃப்டி' ஆகியவற்றை விரைந்து பேசுபவர் வாயில் பிரித்தறிவது அரிது.

எட்டும் எண்பதும்

இது சொல்லாராய்ச்சி அன்று, உயிர்ப் பிரச்சினை என்பதை 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உணர்த்துகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நீரிழிவு நோயுள்ள பெண்மணி ஒருவர் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து, உடல்நலம் தேறுவதற்கான வேறொரு நிலையத்துக்கு மாற்றப்பட்டார். அவருக்குரிய இன்சுலின் அளவு 8 யூனிட். அவரோடு சென்ற அறிக்கையிலோ 80 யூனிட் என்று இருந்தது. மருத்துவரின் ஒலிப்பதிவு ஒப்பந்தத்தின்மேல் ஒப்பந்தமாகக் கைமாறி, நம் இந்தியாவில் எழுத்தாக்கப்பட்டிருந்தது. அந்த அறிக்கையை நம்பிப் பத்து மடங்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அப்பெண்மணி மீளவில்லை, சில நாட்களில் இறந்தார். 2012 டிசம்பரில் அங்குள்ள நீதிமன்ற நடுவர் குழு, அவர் குடும்பத்துக்கு 14 கோடி டாலர் வழங்குமாறு தீர்ப்பளித்தது.

பணம் தாயைத் திருப்பித் தராது. இதில் தட்டச்சு செய்தவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது, அது நீதியாகாது. ஓர் அறிக்கை எழுதுபவர், சரிபார்ப்பவர், மருத்துவர், செவிலியர் எனப் பல கைகளைக் கடந்தே நோயாளியை அடைகிறது. ஒவ்வொருவரும் 'எனக்கு முன்னவர் பார்த்திருப்பார்' என்றோ, 'எனக்குப் பின்னவர் பார்த்துக்கொள்வார்' என்றோ எண்ணிவிட்டால், பல காவலர் இருந்தும் காவல் இல்லாத வீடாகிவிடும். 'எண்பதா?' என்று ஒருவர் நின்று கேட்டுவிட்டால் போதும், ஓர் உயிர் தப்பும்.

புள்ளியும் பூஜ்யமும்

ஒலியில் உள்ள மயக்கம் போலவே, எழுதும் முறையிலும் மயக்கம் உண்டு. ஒரு மில்லிகிராம் என்பதை 1.0 என்று எழுதினால், புள்ளி மங்கும்போது அது 10 ஆகும். அரை மில்லிகிராமை முன்னே பூஜ்யமின்றி .5 என்று எழுதினால், அது 5 ஆகும். ஆகவே முழு எண்ணுக்குப் பின்னே பூஜ்யம் கூடாது. பின்ன எண்ணுக்கு முன்னே பூஜ்யம் வேண்டும். யூனிட் என்பதைச் சுருக்கி 'யூ' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் இட்டால், அது பூஜ்யம் போலத் தோன்றும். 8 யூனிட் 80 ஆகிவிடும். மைக்ரோகிராமை மில்லிகிராமாக எழுதினால் அளவு ஆயிரம் மடங்காகும். அமெரிக்க மருத்துவமனைகளை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் கூட்டு ஆணையம் 2004இல் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலை வெளியிட்டது. மேற்சொன்ன பூஜ்ய வழக்குகளும் 'யூ' என்ற சுருக்கமும் அதில் இடம்பெற்றன.

சுருக்கெழுத்துகள் நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதும் உண்டு. நம் மருந்துச் சீட்டில் 'ஓ டி' என்றால் நாளுக்கு ஒரு முறை. கண் மருத்துவர் தாளில் அதே இரண்டு எழுத்தும் வலக்கண்ணைக் குறிக்கும். தேதியும் அவ்வாறே. 04/07 என்பது நமக்கு ஜூலை 4. அமெரிக்கருக்கு ஏப்ரல் 7.

காரைக்கால் பகுதி மக்கள் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. 1954 வரை இப்பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரான்சில் வாழும் உறவினரையுடைய குடும்பங்கள் இங்கே பல. அங்கிருந்து விடுமுறைக்கு வரும் பெரியவர்கள் அந்நாட்டு மருந்துச் சீட்டுடன் வருகின்றனர். பிரெஞ்சு வழக்கில் பின்ன எண்ணுக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளியே உண்டு. ஒன்றரை என்பதை 1,5 என்று எழுதுவர். அக்காற்புள்ளியைக் கவனியாதவர் கண்ணுக்கு அது 15. அவர்கள் கையால் எழுதும் 1, மேல்நோக்கிய நீண்ட கோட்டுடன் நம் 7 போலவே தோன்றும்; அவர்களது 7க்கு நடுவே ஒரு குறுக்குக்கோடு இருக்கும். இதனை அறியாமல் மருந்து வாங்கினால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊகிக்காத நேர்மை

புரியாத இடத்தில் எழுதுபவர் என்ன செய்ய வேண்டும்? நல்ல பயிற்சி பெற்றவர் முதலில் ஒலியைச் சற்றுப் பின்னிருந்து மீண்டும் கேட்பார். வேகத்தைக் குறைத்துக் கேட்பார். அறிக்கையின் பிற பகுதிகளோடு பொருத்திப் பார்ப்பார். இதய நோயாளியின் அறிக்கையில் தோல் களிம்பின் பெயர் எதற்கு என்று ஐயுறுவார். மருந்து அகராதியைப் புரட்டுவார், மூத்தவரைக் கேட்பார். இத்தனைக்குப் பின்னும் தெளியாவிடில், அவ்விடத்தை வெற்றிடமாக விட்டு, ஒலிப்பதிவின் எந்த நிமிடத்தில் ஐயம் எழுந்தது என்று குறித்து, மருத்துவருக்கே திருப்பி அனுப்புவார். ஒரு வரியில் வலக்கால் என்றும் மறுவரியில் இடக்கால் என்றும் இருந்தால், தாமாக ஒன்றைத் தேர்ந்து திருத்தமாட்டார், முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுவார். பொருத்தமாகத் தோன்றும் சொல்லை இட்டு நிரப்புவதே இத்தொழிலில் பெருங்குற்றம். வெற்றிடத்தைக் காண்பவர் கேள்வி கேட்பார். நிரப்பப்பட்ட பொய்யைக் காண்பவர் நம்பிவிடுவார்.

இந்நேர்மை தமிழுக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் தெளிவாக வேறுபடாதிருந்தன. 'செறு' என்ற வயலா, 'சேறு' என்ற சகதியா என்று படிப்பவரே ஊகிக்க வேண்டியிருந்தது. இயேசு சபைத் துறவியாகிய வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தை நீக்கினார். பின்னாளில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பில் காட்டினார்; சிதைந்த பகுதிகளைச் சிதைந்தவை என்றே காட்டினார். அவருடைய புலமைக்கு அவ்விடங்களை இட்டு நிரப்புதல் அரிதன்று. செய்யாமல் விட்டதே அவர் பெருமை.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

நாம் மருத்துவம் படிக்கவில்லையே என்று ஒதுங்க வேண்டாம். கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை.

மருத்துவரின் அறையை விட்டு எழுமுன், சீட்டில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவோம். மருந்தின் பெயர், எதற்காக, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்ற ஐந்தும் தெளிவாக வேண்டும். '1-0-1' என்றால் காலையும் இரவும், நண்பகல் இல்லை. 'பி டி' என்றால் நாளுக்கு இருமுறை. 'டி டி எஸ்' என்றால் மும்முறை. 'எஸ் ஓ எஸ்' என்றால் தேவைப்பட்டால் மட்டும். இவற்றை வீட்டில் ஒருவராவது அறிந்திருப்பது நலம். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் வாரம் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத்தக்கவை. அவற்றை நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் உண்டு. எந்தக் கிழமை என்பதைத் தமிழிலேயே எழுதி வாங்குவோம். இன்சுலின் அளவையும் எண்ணால் மட்டுமின்றி 'எட்டு' என எழுத்தாலும் குறிப்போம்.

மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துத் தயங்கினால், "இதுவாகத்தான் இருக்கும்" என்று நாம் ஊகம் சொல்லக் கூடாது. "ஐயா, மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கொடுங்கள், காத்திருக்கிறோம்" என்போம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயர், வயது, வலம் இடம், ஒவ்வாத மருந்து, தேதி ஆகியவற்றை வீட்டுக்குப் புறப்படுமுன் சரிபார்ப்போம். பிழை கண்டால் நாமே அடித்துத் திருத்தாமல், மருத்துவரிடமே திருத்திக் கையொப்பம் பெறுவோம். ஐயம் எழுந்துவிட்டது என்பதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. உடனே கேட்பதே முறை.

சட்டமும் நம் பக்கம் உள்ளது. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 2016இல் செய்யப்பட்ட திருத்தம், மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுமாறு கூறுகிறது. 2025 ஆகஸ்டில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், படிக்கத்தக்க மருந்துச் சீட்டைப் பெறுவது உயிர்வாழும் அடிப்படை உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, "இது புரியவில்லை, தயவுசெய்து தெளிவாக எழுதித் தாருங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று, நம் உரிமை.

பங்கில் தனித்து வாழும் முதியோர் பலர். பிள்ளைகள் வெளியூரில், கண் மங்கல், தாளில் உள்ளது ஆங்கிலம். வின்சென்ட் தே பவுல் சபையினரும், மரியாயின் சேனையினரும், பங்கின் இளையோரும் அவர்களைச் சந்திக்கும்போது, அத்தாள்களைத் தேதி வரிசைப்படி அடுக்கித் தந்து, உட்கொள்ளும் மருந்துகளைப் பெரிய தமிழ் எழுத்தில் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கலாம். எழுதும்போது ஐயம் வந்தால் நிரப்பாமல் விட்டு, செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு எழுதட்டும். இதுவும் நோயுற்றோரைச் சந்திக்கும் இரக்கச் செயலேயாகும்.

மருத்துவர்களின் பாதுகாவலரான புனித லூக்கா தாமும் மருத்துவராகவே விவிலியத்தில் குறிக்கப்பெறுகிறார். தாம் எழுதப் புகுந்தவற்றைத் தொடக்கத்திலிருந்தே நுணுகி ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதாகத் தம் நற்செய்தியின் முகப்பிலேயே அவர் கூறுகிறார். வானதூதரின் செய்தி விளங்காதபோது நம் அன்னை மரியா கேள்வி கேட்டதையும் அவரே பதிவு செய்துள்ளார். அன்னை கேட்டது நம்பிக்கையின்மையால் அன்று. தெளிந்த மனத்தோடு ஆம் என்று சொல்வதற்காகவே. எழுதும் நம் பிள்ளைகள் லூக்காவின் கவனத்தையும், அத்தாளைப் பெறும் நம் குடும்பங்கள் அன்னையின் துணிவையும் கைக்கொள்வார்களாக.