முடிச்சுக்குள் இருப்பது யார்?

மாணவர்களே, நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் ஓர் அவரைச் செடியை வரைந்து, அதன் வேரில் நாலைந்து உருண்டைகளைப் போட்டு, பக்கத்தில் 'நோடுல் ஆக்கார்' என்று எழுதியிருப்பீர்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால், அந்த வேர்முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்து, 'நைட்ரஜனைப் பிடிப்பது இதுதான்' என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

மலாக்காவில் இருக்கும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அது. அக்காலத்தில் மரங்களுக்கு இடையே ஒரு புல்கூட இல்லாமல் நிலத்தைச் செதுக்கி வைப்பார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. மழை பெய்தபோது மேல்மண் ஓடிவிட்டது. பிறகுதான் பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா போன்ற அவரையினக் கொடிகளை மூடுபயிராக விதைக்கும் பழக்கம் பரவியது. இன்று செம்பனைத் தோட்டங்களில் இந்தியாவிலிருந்து வந்த முக்குனா கொடியைப் பார்க்கலாம். 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆய்வுக் கழகம், இக்கொடிகளுக்கு ஏற்ற ரைசோபியம் பாக்டீரியாவை வளர்த்து, விதையோடு கலப்பதற்காகத் தோட்டங்களுக்குக் கொடுத்தது.

மண்ணில்தான் பாக்டீரியா ஏற்கெனவே இருக்குமே, எதற்குக் கலக்க வேண்டும்? நல்ல கேள்வி. முடிச்சு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. வீட்டுத் தோட்டத்தில் காய்த்து ஓய்ந்த பயற்றங்காய்ச் செடியைவிட, பூக்கும் பருவத்தில் உள்ள ஒன்றை எடுங்கள். பிடுங்காதீர்கள், முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். சுற்றிலும் தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நம் இரத்தச் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினின் உறவினர் ஒன்று அங்கே ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு பெரும்பாலும் செடிக்கு எதுவும் தருவதில்லை.

பிரித்தெடுக்கும் வேலை ஆய்வகத்தில்தான். முடிச்சின் தோலில் மண்ணின் நுண்ணுயிர்கள் ஏராளம். அதனால் முதலில் முடிச்சைச் சில விநாடிகள் ஆல்கஹாலில் முக்குவார்கள். பிறகு வெளுப்பு நீரில் மூன்று நான்கு நிமிடம். பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் ஐந்தாறு முறை கழுவுவார்கள். வெளுப்பு நீர் மிச்சம் இருந்தால் நாம் தேடும் பாக்டீரியாவும் செத்துப் போகும். இங்கே ஒரு சிறிய தந்திரம் உண்டு: கடைசியாகக் கழுவிய தண்ணீரிலும் ஒரு துளியைத் தனித் தட்டில் தடவி வைப்பார்கள். அதில் ஏதாவது முளைத்தால் தோல் சுத்தமாகவில்லை, அன்றைய வேலை வீண்.

சுத்தமான முடிச்சை ஒரு துளி நீரில் நசுக்கி, அந்தப் பால் போன்ற சாற்றை, ஈஸ்ட் சாறும் மானிட்டால் என்ற சர்க்கரை வகையும் கலந்த அகார் தட்டில் கோடு கோடாக இழுப்பார்கள். 'அகார்-அகார்' மலாய்ச் சொல்தான், பெருநாளுக்குச் செய்வோமே, அதே பொருள்! கலவையில் காங்கோ சிவப்பு என்ற சாயமும் சேர்ப்பதுண்டு. வேறு பல பாக்டீரியாக்கள் சாயத்தை உறிஞ்சிச் சிவக்கும்; ரைசோபியம் பெரும்பாலும் வெண்மையாக, பளபளவென்று நிற்கும். வேகமாக வளரும் வகைக்கு மூன்று முதல் ஐந்து நாள். நம் மூடுபயிர்களில் அதிகம் காணப்படும் மெதுவான வகைக்கு ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். (வீட்டில் தட்டு வைத்து வளர்க்க முயலாதீர்கள். எது முளைக்கும் என்று சொல்ல முடியாது.)

1888இல் நெதர்லாந்தின் பெய்ஜரிங்க் இந்தப் பாக்டீரியாவை முதன்முதலில் தனியே வளர்த்தார். ஆனால், செடியை விட்டுப் பிரிந்ததும் அது சாதாரணமாக நைட்ரஜனைப் பிடிப்பதில்லை. ஆக்சிஜனை மிகக் குறைத்துக் கொடுத்தால் சில வகைகள் தனியாகவும் பிடிக்கும் என்பது 1975இல்தான் தெரிந்தது. ஆகவே தட்டில் தெரியும் வெள்ளைப் புள்ளி எதையும் நிரூபிக்காது. சாட்சி சொல்ல வேண்டியது செடிதான்.

கிருமி நீக்கிய மணலில், நைட்ரஜன் இல்லாத உரநீர் ஊற்றி, சுத்தம் செய்த விதைகளை மூன்று பிரிவாக வளர்ப்பார்கள். ஒன்றுக்கு எதுவும் கிடையாது. இரண்டாவதற்குப் பிரித்தெடுத்த பாக்டீரியா. மூன்றாவதற்கு நைட்ரேட் உரம். சில வாரங்களில் முதல் பிரிவு மஞ்சளாகிவிடும். இரண்டாவது பிரிவு பச்சையாக, முடிச்சோடு நின்றால்தான் நம் பாக்டீரியா தேர்ச்சி பெற்றது. முதல் பிரிவிலும் முடிச்சு வந்திருந்தால்? எங்கோ கலப்படம், மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

திடல் ஓரத்தில் நீங்கள் தொட்டு விளையாடும் தொட்டாற்சிணுங்கியும் அவரைக் குடும்பம்தான். அதன் முடிச்சில் இருப்பதும் ரைசோபியமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தவர்களுக்குத் தைவானில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. 2001இல் அங்கே அம்முடிச்சுகளிலிருந்து பிரித்து விவரிக்கப்பட்ட பாக்டீரியா முற்றிலும் வேறு கூட்டத்தைச் சேர்ந்தது. இன்று அதன் பெயர் குப்ரியாவிடஸ் தைவானென்சிஸ். இதையும் அதே செடிக்குத் திரும்பக் கொடுத்து, புது முடிச்சு வளர்வதைப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள்.