பாலுக்குத் தெரிந்த கணக்கு

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். தொங்கும் தராசின் துணித் தொட்டிலில் நான்கு மாதக் குழந்தை கையையும் காலையும் உதைத்துக்கொண்டு கிடக்கிறது. முள் ஆடி ஆடி நிற்கிறது. போன மாதத்தைவிட அரைக் கிலோ கூடியிருக்கிறது. இரண்டாம் மாதத்தில் முழுசாக ஒரு கிலோ ஏறிய பிள்ளை இது. கூட வந்த பாட்டி முகம் வாடிச் சொல்கிறார்: “பால் பத்தலைபோல.” பக்கத்து வீட்டுப் புட்டிப்பால் குழந்தையின் கொழுகொழு கன்னமும் பேச்சில் வந்துவிடுகிறது. வீடு திரும்பும் வழியில் மருந்துக்கடையில் பால்பவுடர் டப்பா வாங்கியாகிறது.

“பால் பத்தலை” என்ற அந்த இரண்டு சொல்லைக் கேட்டு எத்தனையோ தாய்மார்கள் தங்கள் உடம்பின் மீதே நம்பிக்கை இழந்திருக்கிறார்கள். ஆனால் குழந்தை எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்பதில் பாலுக்கும் ஒரு பங்கு உண்டு என்று அறிவியல் சொல்கிறது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த பொருட்கள் அதில் இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் டாமர் வாலபி என்றொரு சின்னக் கங்காரு வகை வாழ்கிறது. அதன் குட்டி பிறக்கும்போது அரை கிராம்கூட இருக்காது. மீதி வளர்ச்சியெல்லாம் தாயின் பைக்குள், பாலைக் குடித்தபடியேதான். பைக்குள் இருக்கும் குட்டி ஒரு காம்பைப் பற்றிக்கொண்டிருக்க, வெளியே துள்ளித் திரியும் மூத்த குட்டி தலையை மட்டும் உள்ளே நுழைத்து வேறொரு காம்பில் குடிக்கும். இரண்டு காம்பிலும் சுரப்பது இரண்டு விதமான பால்! ஆய்வாளர்கள் ஒரு இளங்குட்டியை எடுத்து, அதைவிட மூத்த குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாயின் பையில் வைத்தார்கள். குட்டி தன் வயதுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்தது. வளர்ச்சியின் வேகம் பாலோடு சேர்ந்து மாறியது.

மனிதத் தாயின் பாலில் இப்படி வேகம் சொல்லக்கூடியவை எவை? தாயின் ரத்தத்திலிருந்து பாலில் இறங்கும் ஹார்மோன்கள் பல. மார்பகத்திலேயே உண்டாகிப் பாலில் கலப்பவையும் உண்டு. இன்சுலின், லெப்டின், அடிபோநெக்டின், கார்ட்டிசால், மெலடோனின் என்று பட்டியல் நீள்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை ஊசியாகத்தானே போட்டுக்கொள்கிறார்கள்? வாய்வழியே கொடுத்தால் வயிறு அதைச் சாதாரணப் புரதம்போல் செரித்துவிடும் என்பதுதானே காரணம்? அப்படியானால் பாலில் வரும் ஹார்மோன்கள் மட்டும் எப்படித் தப்பிக்கின்றன? பெரியவர்களின் வயிற்றுக்குத்தான் அந்த முழுத் திறமை. பச்சைக் குழந்தையின் வயிற்றில் அமிலமும் குறைவு, புரதத்தை உடைக்கும் நொதிகளும் குறைவு. குடல் சுவரும் முதல் நாட்களில் இறுகாமல் நெகிழ்ந்திருக்கிறது. செரிமானம் முதிராதிருப்பதே, பாலில் வருபவை சிதையாமல் குடல்வரை போய்ச்சேர வழிவிடுகிறது.

குடலில் என்ன வேலை நடக்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசியாகப் போட்டார். வழக்கமாக இரண்டு வாரம் ஆகும் கண் திறப்பு, ஒரே வாரத்தில் நடந்துவிட்டது. பற்களும் முன்கூட்டியே முளைத்தன. சாற்றிலிருந்து அவர் பிரித்தெடுத்த மேல்தோல் வளர்ச்சிக் காரணி அவருக்கு 1986இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்தது. ஹார்மோனுக்கு நெருங்கிய உறவான அதே பொருள் தாய்ப்பாலிலும் இருக்கிறது. பிரசவமான முதல் நாட்களில் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பாலில் அதன் செறிவு இன்னும் அதிகம். குடல் சுவரின் செல்களைப் பெருக்கி, நெகிழ்ந்த சுவரை அது முதிரச் செய்கிறது. “கெட்டுப்போன பால்” என்று சில வீடுகளில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறார்களே, அந்த நாலைந்து கரண்டிச் சீம்பாலோடு போவது இதெல்லாம்தான்.

அடுத்தது லெப்டின். 1994இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ப்ரீட்மேனின் குழு இதைக் கண்டுபிடித்தது. ஒல்லி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். உடம்பின் கொழுப்பிலிருந்து கிளம்பி, “கையிருப்பு போதும்” என்று மூளைக்குச் சொல்வது இதன் வேலை. மூன்றே ஆண்டுகளில், 1997இல், தாய்ப்பாலிலும் அது இருப்பது தெரியவந்தது. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் உள்ள பல்கலைக்கழகத்தில், பால்குடி மாறாத எலிக்குட்டிகளுக்கு லெப்டினைச் சொட்டுச் சொட்டாக வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்த பிறகு கொழுப்பான தீனி போட்டபோதும், லெப்டின் குடிக்காத எலிகள் அளவுக்கு இவை பருக்கவில்லை. பால்குடிக் காலத்தில் விழுந்த சில சொட்டுகளின் பலன் வளர்ந்த பிறகும் நீடித்தது. மனிதக் குழந்தைகளிலும், தாய்ப்பாலின் லெப்டின் அளவுக்கும் பின்னாளைய எடைக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

பாலுக்கு நேரமும் தெரியும். தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவுப் பாலில் நிறைந்திருக்கும், பகல் பாலில் ஏறக்குறைய இருக்காது. விழிப்போடு தொடர்புடைய கார்ட்டிசால் காலைப் பாலில் உச்சத்துக்குப் போகும். பிறந்த குழந்தையின் உடம்பில் இரவு பகல் தாளம் அமையச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அம்மாவின் கடிகாரம் பால்வழியே வருகிறது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பீய்ச்சி வைக்கும் பாலின் புட்டியில் நேரத்தையும் எழுதி, இரவுப் பாலை இரவிலேயே கொடுப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

கார்ட்டிசாலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கேட்டி ஹைண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் கலிபோர்னியாவில் ரீசஸ் குரங்குகளின் பாலை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார். பாலில் கார்ட்டிசால் கூடுதலாக இருந்தால் குட்டிகள் வேகமாக எடை போட்டன, ஆனால் தயக்கமும் பதற்றமும் மிகுந்திருந்தன. தலைப்பிரசவத் தாய்களின் பாலில்தான் கார்ட்டிசால் அதிகம். அனுபவமில்லாத இளந்தாய்க்குப் பால்வளம் குறைவு. கிடைப்பதை ஆட்டபாட்டத்தில் செலவழிக்காமல் வளர்ச்சிக்கே ஒதுக்கும்படி அந்தப் பால் குட்டியிடம் சொல்கிறது என்பது ஹைண்டின் விளக்கம்.

இனி அந்தத் தராசுக்குத் திரும்புவோம். பல ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பயன்பட்ட வளர்ச்சி வரைபடம் 1977இல் அமெரிக்காவில் தயாரானது. கைக்குழந்தைகளுக்கான அளவுகள் ஒஹையோவில் திரட்டியவை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். புட்டிப்பாலில் புரதம் கூடுதல், லெப்டின் போன்றவையோ கிடையாது. அந்தக் கோட்டோடு ஒப்பிட்டபோது தாய்ப்பால் குழந்தைகள் மூன்று நான்கு மாதத்துக்குமேல் பின்தங்குவதுபோல் தெரிந்தார்கள். குறை வரைபடத்தில் இருந்தது, பழி தாயின்மேல் விழுந்தது.

உலக சுகாதார நிறுவனம் இதைத் திருத்த முனைந்தது. 1997 முதல் 2003 வரை இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். இந்தியக் குழந்தைகள் டெல்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பாலையே அடிப்படையாக வைத்து 2006இல் புதிய அளவுகோல் வந்தது. அங்கன்வாடியில் இன்று பார்ப்பது அதைத்தான்.

எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ, இறங்கினாலோ, குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது. பால் கொடுக்கவே முடியாத தாய்க்குப் பவுடர்பால் கைகொடுக்கும். அதில் அவர் கூச ஒன்றுமில்லை. மற்றவர்கள் டப்பாவை வாங்கும் முன் தாய்சேய் நல அட்டையை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அச்சிட்ட கோட்டின்மேல் விரலை வைத்து நகர்த்துங்கள். முதல் இரண்டு மாதம் செங்குத்தாக ஏறும் விரல், மூன்றாம் மாதம் தாண்டியதும் தானாகவே சாயும். ஆறு நாட்டுத் தாய்மாரின் பால் வரைந்த வளைவு அது. அரைக் கிலோ ஏறிய அந்தப் பிள்ளையும் அந்த வளைவிலேயேதான் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டியின் விரலையும் பிடித்து அதில் வைத்துக் காட்டுங்கள்.