நோட்டீஸ் வந்த பிறகு



பட்டணத்தில் ஒரு கடைச் சிப்பந்திக்கு வேலை போனால், அவர் குடியிருக்கும் வீடு அப்படியே இருக்கும். தோட்டத்தில் அப்படியல்ல. வீடு தோட்டத்துடையது, பல இடங்களில் பிள்ளை படிக்கும் பள்ளியும் கும்பிடும் கோயிலும்கூட தோட்டத்து நிலத்தில்தான் நிற்கின்றன. ஆகவேதான் "தோட்டத்தை விற்கப் போகிறார்களாம்" என்ற பேச்சு பிரட்டுக் களத்தில் எழுந்த அன்றே அடுப்படி வரை கலக்கம் வந்துவிடுகிறது.

இந்தக் கலக்கம் நமக்குப் புதிதல்ல. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான நம்மவரைக் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கினார்கள். அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே மாதம் பத்து வெள்ளி போட்டுத் தோட்டம் வாங்கிய கதை அது. அன்று வேலை இழந்தவருக்கு இல்லாத சில பாதுகாப்புகள் இன்று சட்டத்தில் உண்டு. ஆனால் அவை தாமாக வீடு தேடி வருவதில்லை.

பொந்தியான் வட்டாரத்திலே ரப்பர் உண்டு, செம்பனை உண்டு, கரிமண் நிலத்தில் அன்னாசி உண்டு. பயிர் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். தோட்டம் மூடப்பட்டாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 6 வாரம். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம். அறிவிப்புக் கொடுக்காவிட்டால் அத்தனை வாரச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும்.

இது அறிவிப்பு மட்டுமே. இழப்பீடு வேறு. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது ஒரு வருடம் வேலை செய்திருந்தால், சேவையின் ஒவ்வொரு வருடத்துக்கும் 10 நாள் சம்பளம்; இரண்டு வருடமானவருக்கு 15 நாள்; ஐந்து வருடத்துக்கு மேல் 20 நாள். பதினான்கு வருடம் பால் வெட்டிய ஒருவரின் ஒரு நாள் சராசரிச் சம்பளம் 65 வெள்ளி என்று வையுங்கள். 280 நாள் சம்பளம், அதாவது 18,200 வெள்ளி அவருக்குச் சேர வேண்டும். அதுவும் வேலை முடிந்த 7 நாட்களுக்குள். கணவனுக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு இன்னொரு கணக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஏதோ ஒரு தொகை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

சராசரி, கடைசி 12 மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இலையுதிர் காலத்தில் பால் குறைந்த மாதமும் அதில் வரும், நல்ல மாதமும் வரும். சம்பளச் சீட்டைக் கசக்கி எறிகிற பழக்கம் நம் வீடுகளில் அதிகம். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாலே போதும்.

தோட்டம் கைமாறும்போது ஒரு சிக்கல் உண்டு. புதிய முதலாளி 7 நாட்களுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தருவதாகச் சொன்னால், பழைய சேவை தொடர்ந்து கணக்கில் வரும். அப்போது இழப்பீடு கிடையாது. அப்படிச் சொல்லாவிட்டால் இழப்பீட்டுக்குப் பழைய முதலாளியும் புதிய முதலாளியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு.

இனி, மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். சில இடங்களில் கிராணியோ காண்டிராக்டரோ ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போட்டால் இன்றே பணம்" என்பார்கள். மலாயில் எழுதியிருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதில் 'பெர்லெத்தாக்கான் ஜாவாத்தான்' என்று இருந்தால் அது ராஜினாமாக் கடிதம். நீங்களாக விலகியதாக எழுதிவிட்டால் மேலே சொன்ன இழப்பீடு கிடையாது. அடுத்துச் சொல்லப்போகும் சொக்சோ உதவியும் கிடையாது. ஐந்நூறு வெள்ளி ரொக்கத்துக்காகப் பதினெட்டாயிரத்தை விட்டுக்கொடுப்பதா?

சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியிடமிருந்து சம்பளத்தில் நூற்றுக்கு 0.2, முதலாளியிடமிருந்து 0.2. வேலை இழந்தவருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தபடி முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பிறகு 40, 30 என்று மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை வேலை தேடும் உதவித் தொகை உண்டு. வேலை போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கெடு போய்விடும். நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாக நினைப்பவர் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுக்கவும் அதே 60 நாள்தான். சங்க உறுப்பினரானால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடம் முதலில் போங்கள்.

பொந்தியானிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் இரண்டாவது பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. 2020 மார்ச் 18-ஆம் தேதி எல்லை மூடப்பட்டது. இரண்டே நாள் முன்னர்தான் அறிவித்தார்கள். தரைவழி முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரலில். அந்தச் சம்பளத்துக்கு நம் நாட்டுச் சொக்சோ காப்புறுதி கிடையாது. பெர்மிட்டில் போகிறவருக்குச் சிங்கப்பூர்ச் சேமநிதியும் கிடையாது. அங்கே கூடுதலாகச் சம்பாதிக்கிறவர், நம் ஊழியர் சேமநிதியில் தாமே மாதாமாதம் ஒரு தொகை செலுத்தி வரலாம்.

வேலை தேடும்போது "தோட்ட வேலைதான் தெரியும்" என்று சொல்லிவிடாதீர்கள். டிராக்டர் ஓட்டியிருப்பீர்கள், மருந்து தெளித்திருப்பீர்கள், நாற்றங்கால் பார்த்திருப்பீர்கள், ஸ்டோர் கணக்கு எழுதியிருப்பீர்கள். ஆயாக் கொட்டகையில் பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கும் அது ஒரு தொழில் அனுபவம்தான். இவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். சேவைக் கடிதத்தை ஆபீஸ் திறந்திருக்கும்போதே வாங்கிவிடுங்கள். மூடிய பிறகு கையெழுத்திட யாரும் இருக்கமாட்டார்கள். சொக்சோவின் வேலைப் பதிவிலும் பெயர் கொடுங்கள். வெளிநாட்டில் பெரிய சம்பளம், டிக்கெட் இலவசம் என்று கைப்பேசியில் வரும் அழைப்பை நம்ப வேண்டாம். 2022-இல் அப்படிக் கம்போடியாவுக்குப் போய் மாட்டிக்கொண்ட மலேசியர்களை மீட்க வேண்டியதாயிற்று.

இழப்பீட்டுப் பணம் கைக்கு வந்ததும் ஆலோங் கடனும் புது மோட்டார் சைக்கிளும் அதைக் கேட்கும். முதலில் மூன்று மாத வாடகையையும் அரிசி பருப்புச் செலவையும் பள்ளி பஸ் காசையும் எடுத்து வையுங்கள். வீட்டை எந்தத் தேதியில் காலி செய்ய வேண்டும் என்பதை ஆபீசில் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தாளையும் அதே பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.