கூட்டு ஒப்பந்தமும் கொழுந்துக் கூடையும்

தோட்டத்தில் சம்பளப் பேச்சு எழுந்தால் கூட்டு ஒப்பந்தத்தின் பேச்சும் கூடவே எழும். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர், முதலாளிமார் சம்மேளனமும் சில பெரிய தொழிற்சங்கங்களும் பேசிக் கைச்சாத்திட்டு வந்த உடன்படிக்கை அது. நானும் லயத்தில் பிறந்தவள்தான். அதனால் கிடைத்த நன்மையை மறுக்க மாட்டேன். பொகவந்தலாவையில் பறித்தாலும் பண்டாரவளையில் பறித்தாலும், கம்பனி எதுவானாலும், ஒரே நாட்சம்பளம். ஒரு தோட்டத்துப் பெண்கள் மட்டும் துரையிடம் போய்க் கேட்டிருந்தால் அது நடந்திருக்குமா?

ஆனால் அந்தத் தொகைக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். 2013ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 620 ரூபா என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாதான். விலைப் பங்கு 30. மீதி 140 ரூபா வரவுக் கொடுப்பனவு. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வந்தவர்களுக்கே அது கிடைக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் நிற்பது யார்? மாமியார் படுத்துவிட்டால் பார்ப்பது யார்? கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்த நிபந்தனையைப் பேசிய மேசையிலோ பெரும்பாலும் ஆண்கள். அந்த ஒப்பந்தம் 2015 மார்ச்சில் முடிந்தது. அடுத்தது கைச்சாத்தாக 2016 ஒக்டோபர் ஆகியது. காத்திருந்தது நாங்கள்தானே!

2019இல் வரவுக் கொடுப்பனவு நீங்கி, அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவானது. கேட்டதோ 1000. அது 2021இல் சம்பள நிர்ணய சபை மூலமே வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. 2024இல் 1350 ரூபாவும் அந்தச் சபையின் வழியாகவே வந்தது.

காசு கூடியது உண்மை. எனினும் எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர் என்ற கேள்வி இருக்கிறதே! ஒப்பந்தம் இருந்தபோது, கிலோவைக் கூட்ட வேண்டுமானால் தோட்டத் தலைவர்மாரோடு பேச வேண்டியிருந்தது. ஒப்பந்தம் போனபின் பல தோட்டங்களில் கிலோ கூட்டப்பட்டதாகப் பெண்கள் முறையிட்டார்கள். இரண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர். வர்த்தமானியில் வந்த தொகை அப்படிக் கையில் பாதியாகிறது.

மறுபடியும் ஒப்பந்தம் பேசப்படுமானால், சம்பளத்தோடு கிலோவும் எழுத்தில் வர வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும். சங்கத்துக்குச் சந்தா கொடுக்கும் சகோதரிகளே, உங்கள் மாதர் சங்கத் தலைவியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கடைசியாகக் கிலோ கூட்டியபோது அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?