போனில் ஓடுகிறது மோட்டார்... எர்த் எங்கே இருக்கிறது?

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், ஊருக்கு வெளியே தோப்பில் கிடக்கும் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். சிம் கார்டு போட்ட இந்த ஸ்டார்டர் பெட்டிதான் இன்றைக்குக் கொட்டாம்பட்டி வட்டாரத் தென்னை விவசாயிகளின் பேச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு த்ரீ பேஸ் வரும் என்று கண்விழித்து, டார்ச்சும் கம்புமாகப் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியமும் கிடைக்கிறது. அந்த விடுதலையைப் பற்றி எழுதத்தான் கிளம்பினோம். வைண்டிங் கடைப் பக்கம் போனதும் கட்டுரை வேறு திசையில் திரும்பிவிட்டது.

பிரித்துப் போட்ட மோட்டார் பொய் சொல்லாது. எப்படி எரிந்தது என்பதை, பழகிய கண் ஸ்டேட்டரைப் பார்த்த மாத்திரத்திலேயே படித்துவிடும். எல்லாக் காயில்களும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஓவர்லோடு, அல்லது வோல்டேஜ் இறங்கிக் கிடந்தபோது வம்படியாக ஓட்டியது, அல்லது ரோட்டார் சிக்கிக்கொண்டது. ஒரே ஒரு ஸ்லாட்டில் மட்டும் பொத்தல் விழுந்து செம்பு உருகியிருந்தால் இன்சுலேஷன் பழுது. மூன்றாவது வகை ஒன்று உண்டு. காயில்கள் சுற்றிவர வரிசையாக இருக்கும்; அதில் ரெண்டு கட்டு கரியாகியிருக்கும், அடுத்த கட்டு வார்னிஷ் மினுமினுப்போடு புதுசாகவே இருக்கும். மறுபடி ரெண்டு கரி, ஒன்று புதுசு. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டார் ஒரு பேஸ் இல்லாமல் ஓடியதற்கான அடையாளம் இது. டெல்டாவாக இருந்தால் தலைகீழ்: ஒரு கட்டு கரி, ரெண்டு கட்டு பிழைத்திருக்கும். வைண்டிங் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால், கடைக்கு வருவதில் இந்தச் சிங்கிள் பேஸிங் கேஸ்தான் தீராத தலைவலி என்பார்கள்.

ஒரு பேஸ் போனால் ஸ்டார்டரே விழுந்துவிட வேண்டாமா? இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பச்சைப் பட்டனை அழுத்தியதும் காண்டாக்டரை இழுத்துப் பிடிப்பது ஒரு காயில். நம் ஊர் பம்புசெட் ஸ்டார்டர்களில் அது பெரும்பாலும் 415 வோல்ட் காயில். ரெண்டு பேஸுக்கு நடுவே இணைத்திருப்பார்கள். கையை எடுத்த பிறகும் காண்டாக்டரிலேயே இருக்கும் ஒரு சின்னத் துணைக் காண்டாக்ட் அந்தக் காயிலுக்குக் கரண்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கரண்ட் மொத்தமாகப் போனால் காயில் விடும், மோட்டார் நிற்கும். ஆனால் காயில் உட்காராத மூன்றாவது பேஸ் மட்டும் போனால், காயிலுக்கு அது தெரியவே தெரியாது. காண்டாக்டர் பிடித்தபடி நிற்கும். மோட்டாரும் உறுமிக்கொண்டே ஓடும். மூன்று பேர் தூக்கிய சுமை ரெண்டு பேர் தோளில் விழும். அந்த ரெண்டிலும் ஆம்பியர் முக்கால் பங்குக்கு மேல் கூடலாம்.

இன்னொரு வேடிக்கையான கொடுமையும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், அறுந்துபோன பேஸிலும் தானே வோல்டேஜை உண்டாக்கித் திருப்பி அனுப்பும். பெட்டியில் இருக்கும் மூன்று விளக்குகளும் எரிவதைப் பார்த்து, ‘பேஸ் எல்லாம் சரியாத்தானே இருக்கு’ என்று நம்பிவிடுவோம். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவதற்கென்றே ‘சிங்கிள் பேஸ் ப்ரிவென்டர்’ உண்டு; அதிலும் வோல்டேஜை மட்டும் பார்க்கும் மலிவு ப்ரிவென்டர்கள் இதே இடத்தில் தடுமாறும். வாங்கும்போது ஆம்பியரைப் பார்த்து விழுகிற ப்ரிவென்டரைக் கேட்டு வாங்க வேண்டும். விலை கொஞ்சம் கூடும்; மறு வைண்டிங் கூலியோடும், மோட்டாரை மேலே இழுத்து மறுபடி இறக்கும் கூலியோடும் ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பெரியாற்றுத் தண்ணீர் மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. அதற்கு வடக்கே கொட்டாம்பட்டியைச் சுற்றி இருப்பதெல்லாம் கண்மாயையும் கிணற்றையும் போரையும் நம்பிய நிலம். அடியில் பாறை. போரில் நூற்றுக்கணக்கான அடி இறங்கினால்தான் ஈரம். 1990-ல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள். இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டாரை உள்நாட்டில் செய்துகாட்டியவர்களும் நம் ஆட்கள்தான்: 1937-ல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும். மோட்டாரைச் செய்யத் தெரிந்த மாநிலம், மோட்டாரைக் காப்பாற்றும் பெட்டியை மட்டும் தொல்லையாகப் பார்க்கப் பழகிவிட்டது.

அந்தப் பழக்கத்துக்குக் காரணமும் உண்டு, நியாயமும் உண்டு. த்ரீ பேஸ் சில மணி நேரம்தான், மற்ற நேரம் டூ பேஸ் என்று முறை வைத்துக் கரண்ட் வந்த காலத்தில், பயிர் காய்ந்தபோது விவசாயி என்ன செய்வார்? கன்டென்சர் போட்டு டூ பேஸிலேயே மோட்டாரை ஓட்டினார். அதற்கு முதலில் ப்ரிவென்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. பிறகு ஓவர்லோடு ரிலே. ‘சும்மா சும்மா விழுது, டைரக்ட் பண்ணிக் கொடுத்துருங்க’ என்பது எந்த எலெக்ட்ரீஷியனும் கேட்டுச் சலித்த வசனம். ரிலேயின் ரெண்டு முனைக்கு நடுவே ஒரு துண்டு ஒயர், வேலை முடிந்தது. மேலே பீஸ் கட்டையிலோ, போகவே போகாத அளவுக்குத் தடித்த அலுமினியக் கம்பி. கன்டென்சர் காலம் முடிந்த தோப்புகளில்கூட அந்தத் துண்டு ஒயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

ரிலே சும்மா விழுவதில்லை. 5 எச்.பி. மோட்டார் முழு லோடில் சுமாராக ஏழரை ஆம்பியர் இழுக்கும். நீர்மூழ்கி என்றால் இன்னும் கூடும். கிளம்பும் சில நொடிகளுக்கு மட்டும் அதைப்போல ஆறேழு மடங்கு. அந்தச் சில நொடியைப் பொறுத்துக்கொண்டு, அதற்கு மேல் நீடித்தால் விழுவதற்காகத்தான் ரிலேக்குள் சூட்டில் வளையும் தகடுகளை வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையில் இருக்கும் ஆம்பியருக்கு டயலைத் திருப்பி வைத்தும் விழுகிறது என்றால் பேரிங் போயிருக்கலாம், வோல்டேஜ் படுத்திருக்கலாம், மணல் ஏறியிருக்கலாம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்டரில் இன்னொரு தப்பு சர்வ சாதாரணம். வைண்டிங் பக்கம் உட்கார்ந்திருக்கும் ரிலேயைப் பெயர்ப் பலகை ஆம்பியரில் 58 சதவீதத்துக்குத்தான் வைக்க வேண்டும். முழு ஆம்பியருக்கே வைத்துவிட்டால் ரிலே பேருக்குத்தான் இருக்கும். இன்சுலேஷன் தாங்கவேண்டிய சூட்டைவிட 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பழைய கணக்கு. தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டாரின் பி.வி.சி. ஒயருக்கு ஏறக்குறைய 70 டிகிரிதான் எல்லை. போரில் தண்ணீர் வற்றி வெறும் குழாயில் ஓடினால் அந்த எல்லையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. அதனால் டிரை ரன் பாதுகாப்பும் வேண்டும்.

செல்போன் ஸ்டார்டர் விற்பவர்கள், தங்கள் பெட்டியிலேயே ப்ரிவென்டரும் டிரை ரன் பாதுகாப்பும் உள்ளே இருக்கின்றன என்கிறார்கள். நல்ல பெட்டிகளில் இருப்பதும் உண்மைதான். ஆனால் அவற்றையும் ‘டைரக்ட்’ ஆக்கித் தரும் கைகள் அதே கடைத்தெருவில் இருக்கின்றன. கூடவே, கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே கிளப்பும் ‘ஆட்டோ’ சுவிட்ச். கரண்ட் வந்த அதே நொடியில் ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்கும் மோட்டார்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பினால், ஆறேழு மடங்கு ஆம்பியர் ஒரே நேரத்தில் இழுக்கப்படும். வோல்டேஜ் தரையில் விழும். டிரான்ஸ்பார்மர் பீஸ் போய், ஊருக்கே ஒரு பேஸ் இல்லாமல் ஆகும். ஆளுக்கு ஒரு நிமிஷம் தள்ளித் தள்ளிக் கிளம்பும்படி ஆட்டோவில் நேரம் வைத்துக்கொள்ள முடியும். அக்கம்பக்கம் பேசி வைத்தால் போதும்.

மோட்டார் போனால் மறுபடி சுற்றிக்கொள்ளலாம். நம்மைத் தூங்கவிடாத விஷயம் வேறு.

மேலே சொன்ன பாதுகாப்புகள் எல்லாம் மோட்டாருக்கானவை. அவற்றில் ஒன்றுகூட மனிதனைப் பார்ப்பதில்லை. ஏழரை ஆம்பியருக்கு வைத்த ரிலே, 30 ஆம்பியர் பீஸ், ப்ரிவென்டர் எல்லாமே ஒழுங்காக இருக்கும் கொட்டகையில்கூட ஒரு ஆள் சாகலாம். பத்து மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கை விடாது. நூறு மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, மார்பு வழியே பாய்ந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து உயிர் போகும். அந்த அளவு கரண்டெல்லாம் ரிலேயின் கணக்கிலேயே வராது.

‘எர்த் போட்டிருக்கோமே’ என்பார்கள். எங்கே போட்டிருக்கிறோம் என்று ஒருமுறை கம்பியைத் தொடர்ந்துபோய்ப் பாருங்கள். முன்பெல்லாம் போருக்குள் இறங்கியது இரும்புக் குழாய். எர்த் கம்பியைக் குழாயில் சுற்றிவிட்டால், தண்ணீர் வரை போகும் அந்த இரும்பே ஏதோ ஒரு எர்த்தாக உதவியது. இன்றைக்குக் கேசிங் பி.வி.சி., உள்ளே இறங்குவது கறுப்பு எச்.டி.பி.இ. குழாய். மேலே வாயில் நிற்கும் ஒன்றரை அடி இரும்புத் துண்டில் பழைய பழக்கத்தில் கம்பியைச் சுற்றுகிறோம். அது மண்ணைத் தொடவே இல்லை. மோட்டார் உடம்பில் கசிவு வந்தால், அந்தக் கம்பியே கரண்டை மேலே கொண்டுவந்து குழாயிலும் பெட்டியிலும் ஏற்றிவைக்கும். நியூட்ரலையே எர்த் என்று கட்டிவைத்திருக்கும் கொட்டகைகள் இதைவிட மோசம். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க உயிர்க்கரண்ட்.

முறையாகக் குழி தோண்டிப் போட்டாலும் கொட்டாம்பட்டி மண் நம் பக்கம் இல்லை. பக்கத்துக் கீழவளவில் கிரானைட்டாக வெட்டிய அதே பாறை நாடு இது. கோடையில் மேல்மண் ஈரமில்லாமல் காய்ந்தால் எர்த்தின் தடை எகிறும். எர்த் தடை 20 ஓம் என்று வையுங்கள்; கசிவு வந்தால் 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 30 ஆம்பியர் பீஸ் அசையாது. பெட்டி உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும், யாராவது தொடும் வரை.

இதற்கு மருந்து ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெட்டிவிடும். எர்த் சுமாராக இருந்தாலும் கைகொடுக்கும்: 500 ஓம் தடையில்கூட 15 வோல்ட் ஏறுவதற்குள் விழுந்துவிடும். நீளக் கேபிளில் இயல்பாகவே கொஞ்சம் கசிவு இருந்து 30-க்கு நிற்கவில்லை என்றால் 100 மில்லி ஆம்பியர் வகை மோட்டாருக்கு, 30 வகை கொட்டகை விளக்குக்கும் பிளக்குக்கும். ஒன்றுமே இல்லாததற்கு நூறு மேல். ஆர்.சி.சி.பி.யில் உள்ள ‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

போன் ஸ்டார்டர் இந்த ஆபத்தைப் பெரிதாக்குகிறது என்பதுதான் என் கவலை. முன்பு மோட்டாரைப் போடும் ஆள் மோட்டார் பக்கத்தில் நின்றார். இப்போது வீட்டில் மகன் போனைத் தட்டுகிறான். அப்பா தோப்பில் கேபிள் ஜாயின்டைக் கையில் பிடித்திருக்கிறார். போனில் ஆஃப் செய்துவிட்டோம் என்பது பாதுகாப்பே அல்ல. காண்டாக்டர் காயில் மட்டும்தான் விட்டிருக்கிறது. பெட்டிக்குள் மேல் முனை வரை மூன்று பேஸும் நிற்கின்றன. கை வைக்கும் முன் மெயினை இறக்கி, பீஸ் கட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வயர்மேன்கள் காலங்காலமாகச் செய்வது அதுதான்.

நிலையான மோட்டாரின் உடம்புக்கு ரெண்டு தனித்தனி எர்த் வேண்டும் என்பது புதிதாகச் சொல்லும் புத்திமதி அல்ல. 1956-ம் வருடத்து இந்திய மின்சார விதிகளிலேயே சொல்லப்பட்டது. ஒன்று துருப்பிடித்து அறுந்தாலும் இன்னொன்று காக்கும் என்ற கணக்கு. குழாய் எர்த் என்றால் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளக் குழாய். பாறை தட்டி இறங்கவில்லை என்றால், ஈரம் தங்கும் வாய்க்கால் ஓரமாக ஜி.ஐ. பட்டையைப் படுக்கைவாட்டில் புதைக்கலாம். இதெல்லாம் ஒரு நாள் வேலை.

மானியத்துக்குப் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு கோரிக்கை: செல்போன் ஸ்டார்டர் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் கூடவே ஒரு ஆர்.சி.சி.பி.யும் போகட்டும், எர்த் தடையை மீட்டர் வைத்து அளந்து எழுதிய சீட்டு இல்லாமல் பில் பாஸ் ஆகக் கூடாது. விவசாயிகளுக்கு: இந்த வாரம் கொட்டகைக்குப் போகும்போது மெயினை இறக்கிவிட்டு, பெட்டியில் இருந்து கிளம்பும் எர்த் கம்பி எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். மண்ணுக்குள் போகவில்லை என்றால், அதைச் சரிசெய்யும் வரை மெயினை ஏற்றாதீர்கள்.